பாலம் தாண்டுற வரைக்கும் பேய்

பேய்ப் படம்னா எனக்கு ஆகாது. பயமான்னு கேட்கிறவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான். பயமெல்லாம் ஒரு மண்ணும் இல்ல, கோபம். வீட்டுல புள்ளைங்க அந்த மாதிரிப் படம் போட்டா நான் எழுந்து குசினிப் பக்கம் போயிடுவேன். கிழவிக்கு நடுக்கம்னு சிரிக்கும்ங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்.

மாயாஜாலப் படம் வேற. அதை இன்னைக்கும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பேன். கம்பளம் பறக்கும், மந்திரவாதி தாடியைத் தடவினா அரண்மனை எழும்பும், வெட்டுப்பட்ட தலை தரையில கிடந்து வியாக்கியானம் பேசும். ராஜகுமாரியைத் தூக்குற கயிறு சில நேரம் திரையிலேயே தெரிஞ்சிடும், கேலரியில விசில் பறக்கும். புளுகுன்னு அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், ரெண்டு பேரும் சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம். பேய்ப் படம் அப்படியில்ல. நம்ம வீடு மாதிரி ஒரு வீட்டைக் காட்டும். நம்ம மாதிரி ஒரு மருமகளைக் காட்டும். அவளுக்கு ஒரு தலைவலியைக் கொடுக்கும். அப்புறம் அந்தத் தலைவலிக்குக் காரணம் என்னைக்கோ கிணத்துல விழுந்து செத்தவள்னு நெஞ்சறிஞ்சு பொய் சொல்லும். கேட்கிறவங்க அதைத் தலைக்குள்ள முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. இதை நான் பொத்தாம்பொதுவாச் சொல்லலை. ஒரு பேய்ப் படத்தால எங்க அண்ணி வயித்துப் புள்ளையோட சாகப் பார்த்தாங்க.

அறுபதுகளோட தொடக்கம் அது. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம். வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீடுகள்ல எங்க ஒத்தை அறைக் காம்பரா, தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்குக் கிட்ட. அம்மா, அண்ணன், அண்ணி, நான், நாலே பேர். அப்பா முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். அண்ணன் ஸ்டோர்ல தேயிலை அரைக்கிற மெஷின்ல வேலை. அண்ணி றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துலேருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. அவங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில கொழுந்து எடுப்போம். கை பாட்டுக்குக் கிள்ளிக்கிட்டிருக்கும், வாய் பாட்டுக்குப் படக்கதை சொல்லிக்கிட்டிருக்கும். அண்ணிக்குப் படம்னா உசிரு. பார்க்காத படத்துக்கும் கதை சொல்லுவாங்க. கூடப் பொறந்தவ இல்லாத குறையை எனக்குத் தீர்த்து வச்சது அவங்கதான்.

அப்ப அவங்க முழுகாம இருந்தாங்க, எட்டாம் மாசம். அதுக்கு முன்னாடி ஒண்ணு தங்காமப் போயிருந்துச்சு. அதனால இந்தப் புள்ளை மேல வீடே உசிரை வச்சிருந்துச்சு. வேலைக்குப் போக வேணாம்னு அம்மா நிறுத்திட்டாங்க. ஆடி மழை ஓயாம ஊத்திக்கிட்டிருந்த நாள். அண்ணிக்குப் பாதம் வீங்கி, மெட்டி விரல்ல இறுகிப் போச்சு. முகம் உப்பியிருந்துச்சு. புள்ளைத்தாச்சிக்கு நீர் இறங்குறது சகஜந்தான்னு அம்மா சொன்னாங்க. சனிக்கிழமை அடுப்புக்கிட்ட உட்கார்ந்திருந்தவங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு முன்னாடி மின்மினி பறக்குதுன்னு என்கிட்ட சொன்னாங்க. சனிக்கிழமை. படத்துக்குப் போனது ஞாயிறு. எத்தனை பேர்கிட்ட இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை.

ஞாயிறு மதியக் காட்சிக்கு ஹட்டனுக்குப் போகணும்னு அண்ணிதான் ஆசைப்பட்டாங்க. புள்ளை பொறந்துட்டா எங்க போக முடியும்னு கெஞ்சினாங்க. அம்மா முணுமுணுத்தாங்க, அண்ணன் சரின்னுட்டார். நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போய் இறங்கினா, பார்க்க நினைச்ச மாயாஜாலப் படம் மாறிப் போச்சு, பேய்ப் படம் மாட்டியிருக்கான். திரும்பிடலாம்னேன். வந்தது வந்துட்டோம், வா புள்ளன்னு அண்ணி கையைப் பிடிச்சு இழுத்தாங்க. கூட்டிட்டுப் போனது என் குத்தம்னு பின்னாடி லயமே பேசுச்சு. இன்னைக்கும் அதை நான் ஒத்துக்கமாட்டேன்.

படத்துல ஒரு பெரிய வீடு. கலியாணத்தன்னைக்குக் கிணத்துல விழுந்து செத்த ஒருத்தி, அந்த வீட்டு மருமக மேல வந்து இறங்குறா. இறங்கினதும் மருமக விறைச்சுக்கிட்டு விழுறா, கண்ணு மேலே சொருகுது, பல்லு கிட்டிக்குது. அப்புறம் ஆம்பளைக் குரல்ல சிரிக்கிறா. மந்திரவாதி வர்றான், விரட்டுறான், எல்லாரும் விளக்கு ஏத்திக் கும்பிடுறாங்க, சுபம். எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. செத்துப் போனவளுக்குச் சிரிக்க என்ன இருக்கு? அண்ணி மட்டும் என் மணிக்கட்டை விடவே இல்ல. இடைவேளையில தலை பொளக்குதுன்னு சொன்னாங்க. எங்க லயத்துலேருந்து இன்னும் சில பேர் வந்திருந்தாங்க. அதுல பக்கத்துக் காம்பரா அக்காவும் ஒருத்தி. அந்த அக்கா படத்தைப் பார்த்ததை விட அண்ணி முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மறுநாள் காலையில பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய், மேல் மலையில கொழுந்துக்கு நின்னோம். மூடுபனியில பக்கத்து நிரை கூடத் தெரியலை. கீழே லயத்துலேருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கத்துற சத்தம் கேட்டுச்சு. கூடையைப் போட்டுட்டு ஓடி வந்தேன். எங்க காம்பராவுக்கு முன்னாடி இஸ்தோப்புத் திண்ணையில அண்ணி கிடந்தாங்க. உடம்பு கட்டை மாதிரி விறைச்சு வெட்டி வெட்டி இழுத்துச்சு. வாயோரம் ரத்தம் கலந்த நுரை. கண்ணுல வெள்ளை மட்டும் தெரிஞ்சுச்சு.

பக்கத்துக் காம்பரா அக்கா எட்ட நின்னு, படத்துல வந்த மாதிரியே, அச்சு அசலா அப்படியேன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. அந்த ஒரு பேச்சு போதும். அண்ணி தலையை மடியில வச்சிருந்த பொம்பளைங்க கூட எழுந்து ஒதுங்கிட்டாங்க. கொட்டகை இருட்டுல பிடிச்சுக்கிச்சுன்னு ஒருத்தி சொன்னா. இல்ல, வர்ற வழியில பாலத்துல பிடிச்சுக்கிச்சுன்னு இன்னொருத்தி சொன்னா. தோட்டத்து ரோட்டுல ஒரு பலகைப் பாலம் உண்டு. ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மழை வெள்ளத்துல ஒரு புள்ளைத்தாச்சியை அந்த ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. கிணத்துல விழுந்த படத்துக்காரியையும் ஆத்துல போனவளையும் அஞ்சே நிமிஷத்துல ஒண்ணாத் தைச்சுட்டாங்க.

அண்ணன் போய்த் தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டரையாவைக் கூட்டிட்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், சர்ச்சுக்குப் போற வேதக்காரர், அதிகம் பேசமாட்டார். கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை நீக்கிப் பார்த்தார், எழுந்து அண்ணன் முகத்துக்கு நேரா நின்னார்.

"இது பேயுமில்லை, ஒண்டுமில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாற வலிப்பு. இஞ்ச வச்சு என்னால ஒண்டும் ஏலாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாட்டில் தாயுமில்லை, பிள்ளையுமில்லை."

சொன்ன கையோட மேல் ரோட்டுக்குப் போய், கொழுந்து ஏத்த நின்ன லொறியை மறிச்சுத் திருப்பி நிறுத்திட்டு வந்தார். லயத்துலேருந்து ரோட்டுக்குப் படிக்கட்டு ஏறணும். கம்பளியில கிடத்தி, கம்புல கட்டி, நாலு ஆம்பளைங்க தோள்ல தூக்கணும். வேற வழியே கிடையாது.

அம்மா இஸ்தோப்பு வாசலை மறிச்சு நின்னுட்டாங்க. பேயோட அந்தப் பாலத்தைத் தாண்டினா, ஆத்துல போனவ புள்ளையைக் காவு கேட்பாள்னு அவங்களுக்குத் தீர்மானம். அம்மாவைத் திட்டி என்ன பிரயோசனம்? ஒரு பேரப்புள்ளை ஏற்கெனவே கையை விட்டுப் போயிருந்துச்சு. அவங்க பயத்துல மறிச்சாங்க. ஆம்பளைங்களும் தொடத் துணியலை. தொட்டவன் மேல தாவிடும்னு ஒவ்வொருத்தனும் கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

அதுக்குள்ள கோடாங்கி வந்துட்டார். உடுக்கும் பிரம்புமா வந்தவர் திருநீறு போட்டார், அண்ணியைச் சுத்தி வந்து பார்த்தார். கெட்ட மனுஷன்னு சொல்லமாட்டேன். எங்க பக்கத்து வழக்கம் என்னவோ அதைச் சொன்னார். பேயை ஒரு கருப்புக் கோழியில இறக்கணும். இறக்கிட்டா அதைப் பாலத்தடியில விட்டுடலாம், அப்புறம் மருமகளை எங்க வேணா கொண்டு போங்க. அம்மா தலையாட்டினாங்க. ஆனா கோழிக்கு எங்க போக? கோழிச்சீக்கு வந்து லயமே துடைச்சுப் போயிருந்த நேரம். கருப்புக் கோழி தேடி ஒருத்தன் பக்கத்து டிவிசனுக்கு ஓடினான். போக ஒரு மலை, வர ஒரு மலை.

மேலே லொறிக்காரன் ஹாரன் அடிச்சான். அண்ணிக்கு மறுபடியும் இழுத்துச்சு. இந்தத் தடவை உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. இழுப்பு நின்ன பிறகும் நெஞ்சு ஏறி இறங்க நேரமெடுத்துச்சு. டாக்டரையா அண்ணனோட தோளைப் பிடிச்சு உலுக்கினார். அண்ணன் அம்மாவைப் பார்த்தார், கோடாங்கியைப் பார்த்தார். "அம்மா சொல்றதுக்கு மேல நான் என்ன செய்ய?" அவ்வளவுதான் அவர் வாயிலேருந்து வந்துச்சு. பெரிய மீசைக்காரர்!

நான் கத்தினேன். சனிக்கிழமையே தலைவலி இருந்துச்சு, மின்மினி பறக்குதுன்னு சொன்னாங்க, படத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு தொண்டை கிழியச் சொன்னேன். கலியாணம் ஆகாத புள்ளை, வாயை மூடுன்னு யாரோ என்னைப் பின்னால இழுத்தாங்க. மனுஷி பேசினா அங்க கேட்க ஆளில்ல. பேய் பேசினாத்தான் கேட்பாங்க. அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. கோழி மேல இறங்குற பேய், என் மேல இறங்காதா?

கொண்டையை அவுத்து விட்டேன். தலையைச் சுத்தினேன். படத்துக்காரி விழுந்த மாதிரியே இஸ்தோப்பு மண் தரையில விழுந்தேன், முழங்கை சிராய்ச்சுக்கிச்சு. அவளை மாதிரிச் சிரிக்கணும்னு வாயைத் திறந்தேன். சிரிப்பு வரலை. அண்ணியோட நீல உதட்டைப் பார்த்ததும் அடிவயித்துலேருந்து ஓலம் கிளம்புச்சு. எனக்கே அடையாளம் தெரியாத குரல். கூட்டம் அலறிப் பின்வாங்குச்சு. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன், பேய் சிரிக்கும்னு படமெடுக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

"கோழி வேணாம். இவ போதும் எனக்கு. அவளை விட்டுட்டேன். தூக்கிட்டுப் போங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் வரமாட்டேன்."

கோடாங்கி லேசுல நம்பலை. உடுக்கை அடிச்சுக்கிட்டே என்கிட்ட வந்தார். உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். கற்பூரத்தை வச்சுக் கொளுத்தினார். பேய் இருக்கிற உடம்புக்குச் சுடாதுங்கிறது கணக்கு. கையை இழுத்தா அண்ணி போயிடுவாங்க. நான் அண்ணி முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். தோல் பொசுங்குற வாடை எனக்கே வந்துச்சு. கற்பூரம் தானா அணைஞ்ச பிறகு அவர் அம்மா பக்கம் திரும்பி, இறங்கிடுச்சு, இனி தூக்கலாம்னார். அம்மா வாசலை விட்டு விலகினாங்க. கையைக் கட்டிக்கிட்டு நின்னவனெல்லாம் கம்பளியைப் பிடிக்க ஓடினான், அண்ணனும் கூடவே போனார்.

டாக்டரையா போற வழியில என் பக்கத்துல குனிஞ்சார். நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடிச்சார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "விடாதை. பாலம் தாண்டுமட்டும் விடாதை"ன்னார். உடனே எழுந்து படிக்கட்டு ஏறிப் போயிட்டார்.

பாலம் தாண்டுற வரைக்கும். சொல்றது லேசு. என்னைச் சுத்திப் பொம்பளைங்க வட்டம் கட்டி நின்னாங்க. கோடாங்கி பிரம்பை எடுத்தார். நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தன்னு கேட்டுக் கேட்டு முதுகுல போட்டார். நான் தலையை ஆட்டிக்கிட்டே காதை ரோட்டுல வச்சிருந்தேன். நான் நானாகிட்டா போச்சு, பேய் இன்னும் அவகிட்டத்தான் இருக்குன்னு ஆளனுப்பி லொறியைத் திருப்பிடுவாங்க. அண்ணிக்கு மூச்சு இருக்கான்னு வாயைத் திறந்து கேட்கக் கூட முடியாது. பேய்க்கு அவங்க மேல என்ன அக்கறை?

லொறி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. ரோடு மலையைச் சுத்திச் சுத்தி இறங்குது. ஒரு வளைவுல சத்தம் வரும், மறு வளைவுல போயிடும். பிரம்பு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அம்மா ஒரு ஓரமா நின்னு முந்தானையை வாயில வச்சு அழுதுக்கிட்டிருந்தாங்க. திடீர்னு எஞ்சின் சத்தம் நின்னு போச்சு. மழைச் சத்தம் மட்டும்தான். சேத்துல புதைஞ்சிருச்சா, அண்ணிக்கு ஏதாவது ஆகி நிறுத்திட்டாங்களா, இல்ல அண்ணன் மனசு மாறித் திரும்பிட்டாரா? அம்மான்னு கூப்பிட வாய் வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் வேகமா ஆடினேன். அப்புறம் எஞ்சின் மறுபடி உறுமுச்சு. கொஞ்ச நேரத்துல ஆத்துப் பக்கமிருந்து, பாலத்துப் பலகை கடகடன்னு அதிர்ற சத்தம் வந்துச்சு. அதைக் கேட்டதும் அப்படியே சாய்ஞ்சேன். அம்மா, தண்ணின்னேன்.

அதோட விடலை. என் உச்சி முடியில ஒரு கத்தையை முடிச்சுப் போட்டு அறுத்து, தோட்டத்து எல்லையில சவுக்கு மரத்துல ஆணி வச்சு அடிச்சாங்க. அதுதான் வழக்கம். மறுநாள் பொழுது சாய அண்ணன் வந்தார். ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, பொம்பளைப் புள்ளை, ரெண்டு உசிரும் பத்திரம்னார். நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டு அழுது தீர்த்தேன்.

இந்த இடத்துல படம்னா சுபம் போட்டு விளக்கைப் போட்டுடுவான். பேய்ப் படத்து மேல எனக்கு இருக்கிற பெரிய வழக்கே இதுதான். விரட்டின மறுநாளை எவனும் காட்டினதில்ல. பேய் வந்து போன உடம்புக்காரி அந்த வீட்டுலதான் சமைக்கணும், அந்தப் பீலியிலதான் தண்ணி பிடிக்கணும். நான் பீலிக்குப் போனா மத்தவங்க குடத்தை எடுத்துக்கிட்டு நகர்ந்தாங்க. வட்டவளைப் பக்கமிருந்து வந்த சம்பந்தம் சத்தமில்லாம நின்னு போச்சு.

உண்மையைச் சொல்லாம இருந்தேனான்னா, சொன்னேன். அம்மாகிட்ட சொன்னேன், அண்ணன்கிட்ட சொன்னேன். நடிச்சேன், வேற வழி தெரியலைன்னு உள்ளங்கையைக் காட்டிச் சொன்னேன். டாக்டரையாவும் வந்து சொன்னார். அவர் வேதக்காரர், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு விட்டுட்டாங்க. என்னைப் பத்திச் சொன்னதுதான் இன்னும் நல்லாயிருந்துச்சு. இறங்கினது இன்னும் முழுசாப் போகலை, அதுதான் உள்ளேருந்து இப்படிப் பேச வைக்குதாம். இதுக்கு மேல எந்த வாயால பேச?

அண்ணி உடம்பு தேறிப் புள்ளையோட வந்தாங்க. எனக்குச் சோறு போட்டாங்க, பொசுங்கின கைக்கு எண்ணெய் தடவி விட்டாங்க. நிரையில மறுபடி பக்கத்துல நின்னாங்க. படக்கதை மட்டும் சொல்றதில்ல. புள்ளையை என் கையில கொடுக்கிறதும் இல்ல. பால் குடிக்குது, தூங்குது, இப்பத்தான் குளிப்பாட்டினேன்னு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. நானும் தலையை ஆட்டிட்டுப் போயிடுவேன்.

புள்ளை தவழ ஆரம்பிச்ச காலம். ஒரு ஞாயித்துக்கிழமை இஸ்தோப்புல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன். அது உள்ளேருந்து நிலைப்படியைத் தாண்டி, நேரா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. என் சேலையைப் பிடிச்சு எழுந்து நிக்கப் பார்த்துச்சு. கீரையைத் தள்ளி வச்சுட்டு ரெண்டு கையையும் நீட்டினேன். தொடறதுக்குள்ள அண்ணி ஓடி வந்து வாரி எடுத்துக்கிட்டாங்க. கண்ணு நிறையத் தண்ணி.

"கோவிச்சுக்காத புள்ள. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை விட்டுட்டு உன்கிட்ட வந்ததே, அதுக்குத்தான் பயப்படுறேன்."

புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. என்கிட்ட வரணும்னு அது உள்ளே வீறிட்டு அழுதுச்சு. நான் வெளியே நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.